முப்பத்தேழாம் அறை

தலைப்பிரசவத்துக்காக அமராவதி தாய் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவளுடைய டிரங்குப் பெட்டியில் சேலைகள் நான்குதான் இருந்தன. மீதி இடம் முழுக்கக் கட்டம் போட்ட தாள். பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரிக்காட்டு வழியாகப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்த அண்ணன் சேவுகன், பாதி வழியில் இறக்கி வைத்துத் திறந்தே பார்த்துவிட்டான். பம்பாயில் நாலு வருஷம் இருந்தவள் கொண்டுவரும் சீர் இதுதானா என்று கேட்டான். எழுதின தாள் கொஞ்சம், எழுதாத தாள் நிறைய என்று சொல்லிவிட்டு அமராவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அது 1965 நவம்பர். அவளுக்கு ஏழாம் மாதம்.

கந்தர்வக்கோட்டைக்கு வடக்கே நான்கு மைலில் இருக்கிறது அவள் ஊர். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்த 1948-ல் அவளுக்குப் பத்து வயது. அந்த வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் அவள் ஒருத்திதான். கணக்கு வாத்தியார் அப்பாவை வீட்டுக்கே வந்து பார்த்துப் பேசியதால், திருக்கோகர்ணத்தில் அத்தை வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தாள். அதற்கு மேல் படிக்க வைக்க அப்பா இல்லை. கீழராஜ வீதியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, தாலுகா ஆபீஸில் விட்டுவிட்டுக் கிடைத்த தற்காலிக வேலைகளைப் பார்த்தாள். இருபத்து மூன்றாவது வயதில் பொன்னமராவதிக்காரர் முத்துராமனுக்கு அவளைக் கொடுத்தார்கள். அவர் பம்பாயில் ரயில்வே குமாஸ்தா.

பம்பாயில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். அங்கே சொந்தமாகவே ஒரு கணிப்பொறியைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கல்யாணக் கூடம் அளவு அறையை அடைத்துக்கொண்டு நின்ற எந்திரம் அது. அதற்குள் போகவேண்டியதை எல்லாம் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அமராவதி போய்ச் சேர்ந்தாள். பதவி, பஞ்ச் ஆபரேட்டர்.

விஞ்ஞானிகள் எழுதிக் கொடுக்கிற எண்களைப் பார்த்துத் துளை போடுவது மட்டும்தான் வேலை. எண்களுக்கு அர்த்தம் என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அதே எண்கள் விரல் வழியாகப் போனால் என்ன ஆகும்? ஆறே மாதத்தில் எந்த எண் கூட்டும், எந்த எண் ஒப்பிடும், எந்த எண் எந்திரத்தை வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் என்பதெல்லாம் அவளுக்குத் தானாகப் பிடிபட்டது. சந்தேகம் வந்த இடங்களை, வேண்டாமென்று வீசியெறிந்த நாடாக்களைப் பொறுக்கிப் படித்துத் தீர்த்துக்கொண்டாள். ஒரு நாள் ஒருவர் கொடுத்த தாளைத் துளை போடாமல் திருப்பிக் கொடுத்தாள். நான்காவது வரி இரண்டாவது வரிக்கே போகிறது, இதை ஓட்டினால் எந்திரம் செக்கு மாடு மாதிரி சுற்றும் என்றாள். அவர் கோபித்துக்கொண்டு பிரிவுத் தலைவர் ரெங்கராஜிடம் போனார். ரெங்கராஜ் தாளைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து துளை போடுகிற நேரம் போக, எழுதவும் அவளுக்கு வேலை வந்தது. பதவி மட்டும் மாறவில்லை. அதற்குப் பட்டம் வேண்டும்.

இனி அவள் பெட்டியில் இருந்த தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த எந்திரத்தின் ஞாபகம் நாலாயிரத்துச் சொச்சம் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு அறையிலும் ஓர் ஆணையோ ஒரு கணக்கின் எண்ணோ இருக்கும். கணக்குப் போடுவதில் எந்திரம் மின்னல். அச்சடிக்கிற கருவியோ கட்டை வண்டி. ஒரு வரி அச்சாகி முடிகிற வரைக்கும் அத்தனை பெரிய எந்திரம் கை கட்டி நிற்கும். இதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் ஒரு கம்பி இழுத்தார்கள். அச்சுக் கருவி தன் வேலை முடிந்ததும் அந்தக் கம்பி வழியாகக் கூப்பிடும். எந்திரம் செய்துகொண்டிருக்கும் கணக்கை அப்படியே நிறுத்தி, அடுத்த வரியைக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். நாடா படிக்கும் கருவியும், தட்டச்சுப் பலகையும், கடிகாரமும் அதே மாதிரி கூப்பிடலாம். யார் கூப்பிட்டது, யாருக்கு என்ன கொடுப்பது, திரும்ப எங்கே போவது என்று பார்த்துக்கொள்ள ஒரு நிரல் வேண்டும். மற்ற நிரல்களை எல்லாம் மேய்க்கிற நிரல். அவர்கள் அதைச் சூப்பர்வைசர் என்றார்கள். இன்றைக்கு இயக்க முறைமையின் கெர்னல் என்று பெயர் சொல்கிற பொருளின் ஆரம்ப வடிவம் அது.

அதை எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் கூடத்தில் வழக்கு. அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்த ஒருவர் ஃபோர்ட்ரானில் எழுதலாம் என்றார். ஃபோர்ட்ரான் கணக்குச் சூத்திரத்தை எழுதுகிற மாதிரி எழுதும் மொழி. சுகமானது. ஆனால் அதிலிருந்து கம்பியைத் தொட முடியாது. குறிப்பிட்ட அறையைக் கை நீட்டி எடுக்க முடியாது. அதை எந்திர எண்களாக மொழிபெயர்த்து வருவதும் ஊதிப் பருத்து வந்து பாதி ஞாபகத்தை விழுங்கிவிடும். இன்னொரு வழி, எந்திரத்தின் எண்களிலேயே நேராக எழுதுவது. மூன்றாவது வழியாக, அசெம்ப்ளி என்ற குறிச்சொல் மொழி ஒன்றை ரெங்கராஜ் உருவாக்கிக்கொண்டிருந்தார். அதில் ஆணைக்கு ஆணை எந்திரத்தின் ஆணையேதான். ஆனால் அறைகளை எண்ணால் சொல்லாமல் பேர் வைத்துச் சொல்லலாம். எந்தப் பேருக்கு எந்த எண் என்று மொழிபெயர்ப்பு நிரல் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்ளும்.

அமராவதி எண்களின் கட்சி. நான் எழுதுகிற எண்தான் எந்திரத்துக்குள் இருக்கும், நடுவில் இன்னொரு நிரலை எதற்கு நம்ப வேண்டும் என்பது அவள் வாதம். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. ஆயிரம் அறைகளின் எண் அவளுக்கு மனப்பாடம். பட்டம் வாங்கியவர்கள் யாருக்கும் அது வராது.

லீவில் கிளம்புகிற அன்று ரெங்கராஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியனுப்பினார். சூப்பர்வைசரை ஊரிலிருந்தே எழுதித் தபாலில் அனுப்பலாம். பிப்ரவரி பத்தாம் தேதி மூன்று பேர் கொண்ட கமிட்டி அதை ஓட்டிப் பார்க்கும். ஓடினால், பட்டம் இல்லாவிட்டாலும் அவளைப் புரோகிராமர் ஆக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறார். ஓடாவிட்டால் ஃபோர்ட்ரான்காரர் கையில் வேலை போகும். அமராவதி பழைய துளை போடும் நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதுதான். கமிட்டி இன்னொரு முறை கூடப் போவதில்லை.

ஊரில் எந்திரம் ஏது? மனதுக்குள் எந்திரத்தை ஓட்டித்தான் எழுத வேண்டும். வயிறு இடிப்பதால் குனிந்து எழுத முடியவில்லை. சேவுகன் நெல் மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கி, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, நெஞ்சு உயரத்துக்கு மேஜை செய்து கொடுத்தான். அதில் ஒரு பக்கம் நிரல், ஒரு பக்கம் பழைய காலண்டர் தாள். காலண்டர் தாளின் முதுகில் அறைகளை வரைந்து, ஒவ்வொரு ஆணையாகப் படித்து, அந்தந்த அறையில் எண்ணைப் பென்சிலால் எழுதி, மாறும்போது அழித்து, மறுபடி எழுதி, எந்திரம் செய்வதை எல்லாம் தானே செய்து பார்த்தாள். எந்திரம் ஒரு நொடியில் செய்வதற்கு அவளுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

அவள் ஆத்தா பிச்சையம்மாளுக்கு இந்த எழுத்தில் ஒரு விஷயம் மட்டும் பிடித்திருந்தது. மகள் எட்டு என்ற எண்ணை எழுதுவதே இல்லை. பிள்ளைத்தாச்சி சனீஸ்வரன் எண்ணைத் தொடாமல் இருக்கிறாளே என்று பக்கத்து வீட்டில் மெச்சிச் சொன்னாள். அந்த எந்திரத்துக்கு எட்டும் தெரியாது, ஒன்பதும் தெரியாது, ஏழுக்கு அப்புறம் பத்துதான் என்று அமராவதி விளக்கினாள். பிச்சையம்மாள் யோசித்துப் பார்த்தாள்.

"அப்பொ ஒனக்கு இது எட்டாம் மாசமில்ல, பத்தாம் மாசம். அந்தத் தாள மூடிட்டு வந்து படு" என்றாள்.

தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் நிரல் முடிந்தது. மொத்தம் அறுநூற்று நாற்பது ஆணைகள். அச்சுக் கருவி கூப்பிடுவது போல் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள், சரியாகத் திரும்பியது. நாடா கூப்பிடுவது போல் ஓட்டினாள், சரி. தட்டச்சு, கடிகாரம், எல்லாம் சரி. சனிக்கிழமை சேவுகன் கந்தர்வக்கோட்டைக்குப் போகும்போது தபாலில் சேர்த்துவிடலாம் என்று தாள்களை அடுக்கி நூல் போட்டுக் கட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் வயலில் சண்டை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பாதிதான் பெய்தது. குளத்தில் இருந்த தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டியிருந்தது. முறையை நடத்துகிறவர் நீர்க்கட்டி ஆண்டியப்பன். மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கரையில் நட்ட கம்பின் நிழலைப் பார்த்துச் சொல்வது, எல்லாம் அவர் பாடு. நடுவில் யாருடைய பாய்ச்சலை நிறுத்த நேர்ந்தாலும், தண்ணீர் எதுவரைக்கும் ஏறியிருக்கிறதோ அந்த இடத்தில் தன் மூங்கில் குச்சியை நட்டுவிட்டுப் போவார். மறுபடி திறக்கும்போது குச்சி நிற்கும் இடத்திலிருந்து பாய்ச்சல் தொடரும். குளத்துக்கே ஒரே குச்சிதான். நீர்க்கட்டியைத் தவிர வேறு கை அதைத் தொடக்கூடாது. ஆளாளுக்குக் குச்சி நட ஆரம்பித்தால் அப்புறம் எது உண்மையான குச்சி என்று யார் சொல்வது?

சேவுகன் மத்தியானம் சேறு காலோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தான். சோறு வேண்டாம் என்றான். என்ன நடந்தது என்று கேட்டு வாங்குவதற்கே நேரமானது. அவன் முறையில் மேல் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்து, கீழ் வயலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோயில் நிலத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். கோயில் நிலம் எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. ஆண்டியப்பன் கீழ் வயல் வரப்பில் குச்சியை நட்டுவிட்டுக் கோயில் நிலத்துக்குத் திருப்பினார். அங்கே பாதி பாயும்போது வாய்க்கால் கரையில் நண்டு வளை உடைத்துக்கொண்டு தண்ணீர் முந்திரிக்காட்டுக்குள் போகிறது என்று ஆள் ஓடி வந்தான். கோயில் பாய்ச்சலை நிறுத்தி, உடைப்பை அடைத்து, திரும்பவும் கோயில் நிலத்தை முடித்துவிட்டுச் சேவுகன் வயலுக்கு வந்தார். வந்தவர் எங்கே விட்டோம் என்று தெரியாமல் மேல் வயலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். சேவுகன் அப்போதும் அடைத்த உடைப்பைப் பலப்படுத்த மண் சுமந்துகொண்டிருந்தான்.

"மேவயலுக்கு ரெண்டு தடவ பாஞ்சிருக்கு. கீவயல் வெடிச்சுக் கெடக்கு. கதிரு பால் பிடிக்கிற நேரத்துல இப்படிப் பண்ணுனா நான் என்னத்த அறுக்கிறது?" என்றான்.

சாயங்காலம் ஆண்டியப்பனே வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அடுத்த முறையில் முதல் தண்ணீர் சேவுகனின் கீழ் வயலுக்குத்தான் என்று சொல்ல வந்திருந்தார். அப்படியும் சேவுகன் முகம் தெளியவில்லை. இருபது வருஷமாக முறை பார்க்கிறவருக்கு விட்ட இடம் தெரியாதா என்று கேட்டான்.

"குச்சி இருந்தாத்தானப்பா தெரியும்? ஒன் வரப்புல இருந்த குச்சியப் புடுங்கித்தான் கோயில் வயல்ல நட்டேன். கோயில் வேல முடிஞ்சதும் குச்சி கைக்கு வந்திருச்சு. நீ எங்க நின்னேங்கிறது போயிருச்சு" என்றார்.

பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அமராவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"குச்சிய எங்கிருந்து புடுங்குனீங்கண்ணே?"

"அதத்தானே சொல்றேன் தங்கச்சி. ஒங்க அண்ணன் வரப்புலேர்ந்துதான். இருக்கிறது ஒரு குச்சி."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கட்டி வைத்திருந்த நூலை அவிழ்த்து, இரண்டாம் தாளை எடுத்தாள். கருவி ஏதாவது கூப்பிட்டதும், எந்திரம் தான் விட்ட இடத்தின் எண்ணை முப்பத்தேழாம் அறையில் போட்டுவிட்டுச் சூப்பர்வைசருக்குத் தாவும். அது எந்திரத்தின் கட்டுமானம். வேலை முடிந்ததும் முப்பத்தேழாம் அறையில் இருக்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டியது. அச்சுக் கருவிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நாடா கூப்பிட்டால்? நாடா காத்திருக்காது, ஓடிவிடும். அதனால் ஒரு வேலையின் நடுவிலும் அடுத்த கூப்பாடு நுழையும்படி அவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நாடா கூப்பிட்டதும் எந்திரம் புதிய இடத்தை அதே முப்பத்தேழாம் அறையில் எழுதும். பழையது அழிந்துபோகும். நாடா வேலை முடிந்து அச்சு வேலைக்குத் திரும்பலாம். அச்சு வேலை முடிந்ததும் முதலில் நடந்துகொண்டிருந்த கணக்குக்குத் திரும்ப வழியில்லை. இரண்டு மாதமாக ஓட்டிப் பார்த்தாளே. ஒரு தடவைகூட இரண்டு பேரைச் சேர்ந்தாற்போல் கூப்பிட வைக்கவில்லை. ஒருத்தர் முடித்த பிறகே அடுத்தவர் என்று மரியாதையாகக் கூப்பிட வைத்திருந்தாள்.

சேவுகனிடம் நாளைக்குத் தபால் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. ஓர் அறை போதாது. வரிசையாக அறைகள் வேண்டும். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் விட்ட இடத்தை அடுத்த அறையில் வைப்பது. திரும்பும்போது கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பது. எந்த அறைவரை நிரம்பியிருக்கிறது என்று சொல்ல இன்னோர் அறை. இதற்குப் பதினான்கு ஆணைகள் போதும். ஆனால் அவை நுழைய வேண்டிய இடம் நிரலின் தொடக்கத்தில். நுழைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அறுநூறு ஆணைகளும் பதினான்கு அறை தள்ளிப்போகும். 'இந்த அறைக்குத் தாவு', 'அந்த அறையிலிருந்து எடு' என்று அவள் எண்ணால் எழுதிய ஒவ்வோர் இடமும் பொய்யாகிவிடும். எண்ணிப் பார்த்தாள். இருநூற்று எழுபது இடங்கள்.

ஒட்டுப் போடலாம். நடுவில் ஓர் ஆணையை மட்டும் மாற்றி நிரலின் வாலுக்குத் தாவி, புதியதை அங்கே செய்துவிட்டுத் திரும்பி வருவது. எல்லாரும் செய்வதுதான். ஆனால் நான்கு கருவிகளுக்கும் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று எட்டு ஒட்டு விழும். எல்லா நிரலையும் தாங்க வேண்டிய நிரலில் எட்டு ஒட்டு என்பதை அவள் மனம் ஏற்கவில்லை. கமிட்டியில் ஒருவர் பிழை இருக்கிறது என்று சொன்னால், அதைத் திருத்த ஒன்பதாவது ஒட்டு வேண்டும்.

மார்கழியில் ரெங்கராஜ் எழுதிய கடிதம் பெட்டியின் அடியில் கிடந்தது. குறிச்சொல் மொழிபெயர்ப்பு நிரல் இப்போது நன்றாக ஓடுகிறது. நீங்களும் அதிலேயே எழுதலாமே என்று கேட்டு, விதிகளை நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அப்போது அதைப் பாதி படித்துவிட்டு மடித்து வைத்தவள், இப்போது கடைசி வரை படித்தாள். அதில் எழுதியிருந்தால் பதினான்கு வரியை நடுவில் செருகுவது பதினான்கு வரி எழுதுகிற வேலை. மீதியை அந்த மொழிபெயர்ப்பு நிரல் தள்ளிப் போட்டுக்கொள்ளும். ஆயிரம் அறை எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த தன் பெருமையை அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு அறை பிசகினதும் அது எதற்கும் உதவவில்லை.

கணக்குப் பார்த்தாள். தபால் போக ஐந்து நாள். நாடாவில் துளை போட்டுச் சரிபார்க்க நாலு நாளாவது வேண்டும். ஜனவரி முப்பத்தொன்று திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். ஒன்பது நாளில் அறுநூற்று ஐம்பத்து நாலு வரிகள். மருத்துவச்சி அழகம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தைக் கடைசியில்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அவசரம் ஜாஸ்தி மாதிரி தெரிகிறது என்று சொல்லிப் போயிருந்தாள்.

முதலில் பேர் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கருவிகளை உள்ளே விடும் கதவுக்கு மடை என்று பேர் வைத்தாள். யாருக்கு அடுத்த வேலை என்று முடிவு செய்யும் இடம், முறை. விட்ட இடங்களை வைக்கும் வரிசை, வரப்பு. எந்த அறைவரை நிரம்பியிருக்கிறது என்று காட்டும் அறை, குச்சி. இதை எல்லாம் வேறு எப்படியும் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் ஆண்டியப்பன் வந்தபோது கையில் மூன்று குச்சிகள். ஒன்றில் ஒரு கணு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. முந்தின இரவு தூக்கம் வராமல் யோசித்துத் தானே வெட்டியிருக்கிறார். சேவுகனிடம் காட்டத்தான் வந்தார். முதல் ஆளுக்கு ஒரு கணு, குறுக்கே வருகிறவனுக்கு இரண்டு, அதற்கும் குறுக்கே வந்தால் மூன்று. பெரியதைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். இனிமேல் பிசகாது என்றார். அமராவதி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் தாளில் இருப்பதும் அதுதான் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஒரு குச்சிய நட்டுக்கிட்டிருக்கும்போதே இன்னொருத்தர் கூப்பிட்டா?"

"நட்டுட்டு நிமிர்ற வரைக்கும் எனக்குக் காது கேக்காது தங்கச்சி."

அதுவும் சரிதான். முப்பத்தேழாம் அறையில் இருப்பதை வரப்புக்கு மாற்றி வைத்த பிறகுதான் மடையைத் திறக்க வேண்டும். அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

"மூணு குச்சியும் நட்டாச்சு. நாலாவதா ஒருத்தர் வந்துட்டா?"

ஆண்டியப்பன் குச்சிகளைப் பார்த்தார். "அப்படி ஒரு நாள் வந்தா கலிங்குல ஏறிக் குதிச்சிர வேண்டியதுதான்" என்றார். நிறைந்த குளத்தில் மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற இடம் கலிங்கு. இரண்டு நாளில் முதல் தடவையாகச் சேவுகன் சிரித்தான்.

அமராவதி சிரிக்கவில்லை. வரிசைக்கு எட்டு அறை ஒதுக்கியிருந்தாள். அது நிறைந்தால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. அவர் போனதும் எழுதினாள். வரப்பு நிறைந்தால் எந்திரம் சேதமில்லாமல் நின்று, அதை அச்சில் சொல்லிவிட வேண்டும். எத்தனை தடவை அப்படி ஆயிற்று என்று எண்ணி வைக்க ஓர் அறை. அதற்குப் பேர் கலிங்கு. ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லாததால் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுக் கலிங் ஆனது.

பகல் வெளிச்சம் இருக்கும்வரை எழுதினாள். எழுதியதைச் சரிபார்க்க இன்னொரு குரல் வேண்டும். எட்டாவது வரை படித்த சேவுகன் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தான். அவள் பழைய எண் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். மடையை மூடு, குச்சியில் ஒன்று கூட்டு, வரப்பில் வை, மடையைத் திற. ஒரு பக்கம் முடித்ததும் நிறுத்தினான். பம்பாய் எந்திரத்துக்கு நம் குளத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது போலிருக்கிறதே என்றான். இந்த மாதிரிப் படித்தால் அதற்கும் கொஞ்சம் புரியும், எனக்கும் கொஞ்சம் புரிகிறது என்றான். எண்ணில் எழுதிய தாளை அவன் ஒருநாளும் படித்துப் புரிந்துகொண்டிருக்க மாட்டான் என்பது அமராவதிக்கு உறைத்தது. தன்னைத் தவிர வேறு யாருமே படித்திருக்க மாட்டார்கள். அவளுக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார வருகிறவர்கூட.

சனிக்கிழமை முப்பத்தொன்றாம் தாளின் நடுவில் வலி வந்தது. பென்சிலைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தாள். பிச்சையம்மாள் வெந்நீர் வைத்தாள். சேவுகன் அழகம்மாளைக் கூட்டிவர சைக்கிளில் போனான். மூன்று மணி நேரம் ஆர்ப்பாட்டம். பொய்வலி என்று சொல்லி, சுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு அழகம்மாள் கிளம்பினாள். பிள்ளைக்கு எந்த நம்பரைப் பேராக வைக்கப் போகிறாய் என்று போகிற போக்கில் பிச்சையம்மாள் ஒரு குத்து. அமராவதி பலகைக்கு வந்து பென்சிலைத் தேடி எடுத்து, எழுத ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கட்டு கிளம்பியது. ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்த ரசீதைச் சேவுகன் கொண்டுவந்து கொடுத்தான். புதன்கிழமை விடிந்து சூரியன் முந்திரிக்காட்டுக்கு மேலே ஏறும்போது பெண் குழந்தை பிறந்தது. அழகம்மாள் சொன்னதற்குப் பத்து நாள் முன்னால்.

அதன் பிறகு காத்திருப்புதான். பத்தாம் தேதி அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, இப்போது நாடா ஓடும், இப்போது அச்சடிக்கும் என்று மனதுக்குள் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பதினேழாம் தேதி தபால்காரர் ரெங்கராஜின் கடிதத்தைக் கொண்டுவந்தார். கனமாக இருந்தது. பிரித்ததும் உள்ளிருந்து அச்சுக் கருவியின் நீளக் காகிதம் ஒரு மடிப்பு விழுந்தது.

நாடா ஆறாம் தேதியே தயாராகிவிட்டது என்று எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பு நிரலில் போட்டதும் அது ஒரு நிமிஷத்தில் ஒரு பிழையைச் சொன்னது. 'வாய்க்கால்' என்று பேர் வைத்த இடத்துக்குத் தாவச் சொல்லியிருக்கிறீர்கள், அந்த இடம் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்தோம். முப்பத்தொன்றாம் தாளில் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. நான் எழுதிச் சேர்த்துவிட்டேன். எண்ணில் எழுதியிருந்தால் இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்தாம் தேதி தாண்டியிருக்கும்.

முப்பத்தொன்றாம் தாள். அமராவதிக்குக் காது சூடானது. விட்ட இடத்தைக் குறித்து வைக்கும் நிரலை எழுதியவள், வலி வந்தபோது தான் விட்ட இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

மேலே படித்தாள். கமிட்டி வந்தது. ஃபோர்ட்ரான்காரர் வேண்டுமென்றே அச்சும் நாடாவும் ஓடும்போது தட்டச்சுப் பலகையில் கையை வைத்தார். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, எந்திரம் நடுவில் நிறுத்திய கணக்குக்குத் திரும்பி, சரியான விடையைத் தந்தது. இன்னும் நான்கு முறை செய்து பார்த்தார். அப்புறம் உங்கள் தாள்களைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். பேர்களுக்கு அர்த்தம் கேட்கிறார், நீங்கள் வந்து சொல்லுங்கள். ஏப்ரல் ஒன்றிலிருந்து நீங்கள் புரோகிராமர். உத்தரவு தனியாக வரும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு சௌகரியமாக வாருங்கள்.

அவள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள். பிறகு ரெங்கராஜ் சேர்த்ததாகச் சொன்ன வரி சரியா என்று காலண்டர் தாளை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். சரிதான்.

சேவுகன் விஷயத்தை வயலில் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் ஆண்டியப்பன் குழந்தையைப் பார்க்க வந்தார். மூன்று குச்சியும் இடுப்பில் இருந்தன. சேவுகனின் கீழ் வயல் பிழைத்துக்கொண்டது, பால் பிடிக்காத கதிர் கொஞ்சம் சாவி விழும், ஆனாலும் அறுக்கலாம் என்றார். பிறகு அச்சுக் காகிதத்தைக் கையில் வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். அமராவதி கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். கலிங் என்று எழுதி, பக்கத்தில் நான்கு பூஜ்யம்.

"என்ன சொல்லுது?"

"யாரும் ஏறிக் குதிக்கலண்ணே."

ஆண்டியப்பன் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். "இங்கிட்டு இருக்கிற தண்ணிக்கு நான் குதிச்சிருந்தா காலுதான் ஒடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் விரலைப் பிரித்துப் பார்க்கக் குனிந்தார்.